யானைப் படம் போட்ட பொட்டலம்

தேயிலை விற்கிறவனுக்கு, வாங்குகிற ஊரின் தண்ணீர் தெரிந்திருக்க வேண்டும். குன்னூர் மலைத் தண்ணீரில் ருசி பார்த்து நன்றாக இருக்கிறதென்று அனுப்பிய இலை, மாஸ்கோவின் குழாய்த் தண்ணீரில் கலங்கி, மேலே ஏடு கட்டி, நிறம் செத்து நிற்கும். அதே இலை லெனின்கிராடில் நேவா நதித் தண்ணீரில் பளிச்சென்று இருக்கும். அங்கே தண்ணீரில் உப்பு குறைவு. இதற்காகவே எங்கள் கம்பெனி என்னை மாஸ்கோவில் வைத்திருந்தது. குன்னூரிலும் கொச்சியிலும் ஏலம் எடுக்கும் லாட்டுகளின் சாம்பிள் எனக்கு வரும். மாஸ்கோத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, எது கப்பல் ஏறலாம், எது வேண்டாம் என்று டெலக்ஸ் அடிப்பேன். மிச்ச நேரத்தில் அரசுக் கொள்முதல் அமைப்பின் படிகளில் ஏறி இறங்குவேன். 1991-இல் மிச்ச நேரத்து வேலையே முழு நேர வேலையாகிவிட்டது.

ருசி பார்க்கும் அறை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். வடக்கு வெளிச்சம் விழும் ஜன்னல், நீள மேசை, வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் 2.8 கிராம் இலை. துரைமார் காலத்தில் ஆறு பென்னி நாணயத்தைத் தராசில் வைத்து நிறுத்த அளவு அது; நாணயம் போய்விட்டது, அளவு நின்றுவிட்டது. கொதிநீர் ஊற்றி ஐந்தாறு நிமிடம் மூடி வைத்து, வடித்து, கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, அண்ணத்தில் அடித்துத் துப்பிவிட்டு, அடுத்த கிண்ணத்துக்கு நகர வேண்டும். நான் வேலை பார்த்த அறை மாஸ்கோவின் ஒரு பேக்கிங் தொழிற்சாலைக்குள் இருந்தது. தலைமைச் சுவைஞர் ஜார்ஜியர், கருங்கடல் பக்கத்துத் தேயிலைக் குடும்பத்தில் பிறந்தவர். சாம்பிள் பதிவேடு ஓர் உக்ரைன் பெண்ணின் கையில். எடை போடுவது கசான் பக்கத்துத் தாத்தார் பெரியவர். கிண்ணம் கழுவும் அம்மா மட்டும்தான் மாஸ்கோவிலேயே பிறந்து வளர்ந்தவர். மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் அங்கே அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். எனக்கு இனிஷியல்தான் உண்டு என்றதும், அதை விரித்துக் கடைசியில் ஒரு ‘விச்’ சேர்த்துக்கொண்டார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் வெவ்வேறு தேசத்தார் என்ற பேச்சே 1990 வரை எழுந்ததாக நினைவில்லை.

அவர்கள் தேநீர் குடிக்கும் முறை வேறு. சின்னக் கெட்டிலில் திக்காக டிகாஷன் இறக்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது கொஞ்சம் ஊற்றி வெந்நீர் கலந்துகொள்வார்கள். நம் வீட்டுக் காபி டிகாஷன் போலத்தான். அதற்கு முறுக்கிய முழு இலை, ஆர்த்தடாக்ஸ், வேண்டும். நம் டீக்கடைக்குப் போகும் சி.டி.சி. குருணை அங்கே எடுபடாது. மஞ்சள் அட்டையில் யானைப் படம் போட்ட ‘இந்தியத் தேயிலை’ப் பொட்டலத்தைத் தெரியாத வீடு அந்த நாட்டில் இல்லை. விருந்துக்குப் போகிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு போவார்கள். பெயர்தான் இந்தியத் தேயிலை. உள்ளே ஜார்ஜிய இலையும் கலந்திருக்கும். 36-ஆம் நம்பர் என்று இன்னொரு பொட்டலம் உண்டு, அதிலும் கலவைதான். கலவை விகிதத்தை மேலிடம் தீர்மானித்து அனுப்பும். சுவைஞரின் வேலை, அந்த விகிதத்துக்குள் எந்த லாட்டோடு எந்த லாட்டைச் சேர்த்தால் குடிக்க முடியும் என்று பார்ப்பது.

இந்தியா ஏற்றுமதி செய்த தேயிலையில் ஏறக்குறையப் பாதியை சோவியத் யூனியன் என்ற அந்த ஒரு நாடு வாங்கிக்கொண்டிருந்தது. டாலர் பேச்சே கிடையாது. நாம் அனுப்பும் தேயிலை, தோல், பனியன், மருந்து எல்லாவற்றுக்கும் ரூபாயில் கணக்கு. அவர்கள் தரும் ஆயுதம், எண்ணெய், இயந்திரத்துக்கும் ரூபாயில் கணக்கு. சரக்கு கப்பல் ஏறினால் நம் வங்கியில் நமக்கு ரூபாய் வந்துவிடும். ரூபிளுக்கு எத்தனை ரூபாய் என்பதை 1978-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஒரு சூத்திரம் சொல்லும். சந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதை எங்கள் தொழிலில் எல்லோரும் வரப்பிரசாதம் என்றார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. வாங்குகிறவன் நிச்சயமாக வாங்குவான் என்றால் இலை பறிக்கிற கை சோம்பிவிடும். ஜார்ஜியாவில் அது கண்கூடாக நடந்தது. யூனியனில் விளைந்த தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்தச் சின்னக் குடியரசில் விளைந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ள வேண்டிய இடத்தில், டன் கணக்குக்காக இயந்திரத்தை விட்டுச் செடியின் தலையைச் சீவினார்கள். காம்பு, முற்றின இலை எல்லாம் சாக்கில் ஏறியது. எங்கள் சுவைஞர் தன் ஊர்ச் சாம்பிளை உறிஞ்சிவிட்டு, “வைக்கோல்” என்பார். பதிவேட்டில் “தரம் சரி” என்று எழுதச் சொல்வார். நம் பக்கமும் யோக்கியம் இல்லை. ஜனவரி, பிப்ரவரிப் பனிக்காலத்தில் நீலகிரியில் வரும் இலை மணக்கும். அது லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் போகும். மழைக்காலத்து வெற்று இலை, “ரஷ்யாவுக்குப் போகட்டும்” என்று ஒதுக்கப்படும். ஏலக் கூடத்தில் இதைக் குரல் தாழ்த்திச் சொல்லக்கூட யாரும் சிரமப்பட்டதில்லை.

1991 ஜனவரி 22 இரவு ஒன்பது மணிச் செய்தியில், 50, 100 ரூபிள் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள மூன்றே நாள். வேலை செய்யும் இடத்தில் 1,000 ரூபிள் வரை. அதற்கு மேல் என்றால் எப்படிச் சம்பாதித்தாய் என்று ஒரு கமிட்டிக்கு விளக்கம் சொல்ல வேண்டும். சேமிப்பு வங்கியிலிருந்து மாதம் 500-க்கு மேல் எடுக்க முடியாது. புதிதாகப் பிரதமரான வாலென்டின் பாவ்லோவின் வேலை இது. கிண்ணம் கழுவும் அம்மா, தன் சாவுச் செலவுக்கென்று துணிப்பையில் சேர்த்து வைத்திருந்ததை மறுநாள் எடுத்துவந்து, எடை மேசையில் கொட்டி எண்ணினார். முழுக்க நூறு ரூபிள் தாள்கள். தாத்தார் பெரியவரும் பதிவேட்டுப் பெண்ணும் தங்கள் பெயரில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போட்டு மாற்றிக் கொடுத்தார்கள். சிலர் அன்று இரவே ரயில் நிலையத்துக்கு ஓடி, தூரத்து ஊர்களுக்கு விலை கூடிய டிக்கெட்டாக வாங்கி, மறுவாரம் ரத்து செய்து சில்லறை நோட்டாகத் திரும்ப வாங்கினார்கள். அந்த அம்மாவுக்கு அந்த யோசனை வந்திருக்காது.

அந்த மூன்று நாளில் போனது நோட்டு மட்டுமில்லை. கையில் பணம் இருந்தால் அதைச் சரக்காக மாற்றிவிட வேண்டும் என்ற புத்தி எல்லோருக்கும் வந்துவிட்டது. சர்க்கரை, வோட்கா, பல ஊர்களில் தேயிலை என்று எல்லாவற்றுக்கும் கூப்பன். தேயிலை கெடாது, எடை குறைவு, எங்கும் செல்லும். ஆகவே அதுவே பணமாகிவிட்டது. தொழிற்சாலைக்கு அட்டைப்பெட்டி தருகிற ஆலை ரூபிள் வேண்டாம், தேயிலை கொடு என்றது. லாரிக்காரர் டீசலுக்கென்று ஒரு பெட்டி கேட்டார். பல் டாக்டரிடம் போன நான் ஓர் உறை நீலகிரி இலையைக் கொண்டுபோனேன். வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 2-ஆம் தேதி அரசே விலைகளை ஏற்றியது. ரொட்டி, இறைச்சி மூன்று மடங்கு. மெட்ரோவுக்கு அதுவரை 5 கோபெக். அது 15 ஆனது. வெளிநாட்டுக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஸ்டாலின் காலத்துக்குப் பிறகு பிறந்தவர்கள் பலருக்கு அந்த ஐந்து கோபெக் காசுதான் மாறாத ஒன்று. விலை ஏற்றியும் கடை அலமாரி நிறையவில்லை என்பதுதான் கோபம். மியாஸ்னீத்ஸ்கயா தெருவில், சீன மாளிகை போல முகப்பு கட்டிய பழைய பெர்லோவ் தேயிலைக் கடை உண்டு. ஜார் காலத்திலிருந்து சோவியத் காலம் முழுக்க அங்கே தேயிலைதான் விற்றது. அந்த வசந்தத்தில் ஒருமுறை போனபோது, டிராகன் படம் வரைந்த தூணுக்கடியில் விற்பனைப் பெண் காலி டப்பாக்களுக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

சரக்கு இல்லாததற்குக் காரணம் விளைச்சல் இல்லாதது மட்டுமில்லை என்பதைத் தொழிற்சாலைக்குள் இருந்துதான் புரிந்துகொள்ள முடிந்தது. எங்கள் கிடங்கில் தேயிலைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்த நாட்களிலும் பேக்கிங் நின்றிருக்கிறது. பொட்டலத்துக்குள் சுற்றும் அலுமினிய ஃபாயில் அர்மீனியாவிலிருந்து வர வேண்டும். அர்மீனியாவுக்கான ரயில் பாதையை அசர்பைஜான் 1989 முதலே அடைத்துக்கொண்டிருந்தது. ஜார்ஜிய இலை, ஏப்ரல் 9-இல் தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்துவிட்ட ஒரு குடியரசிலிருந்து வர வேண்டும். நம் இலை உக்ரைன் துறைமுகத்தில் இறங்கி ரயிலேற வேண்டும். முன்பெல்லாம் மாஸ்கோவில் ஒரு தாளில் முத்திரை குத்தினால் இவையெல்லாம் நகரும். லாபத்துக்காக யாரும் எதையும் அனுப்பவில்லை. தாள் சொன்னதற்காக அனுப்பினார்கள். தாளுக்கு யாரும் பயப்படாத நாள் வந்ததும், அவரவர் தங்கள் கையில் இருந்ததைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 17 வாக்கெடுப்பில் யூனியன் தொடர வேண்டும் என்று 76.4 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். ஆறு குடியரசுகள் அந்த வாக்கெடுப்பையே நடத்தவில்லை. ஜார்ஜியா அதில் ஒன்று. எங்கள் சுவைஞர் மாஸ்கோவாசி, அவருக்கு ஓட்டு இருந்தது. எப்படிப் போட்டாரோ தெரியாது. அவருடைய கவலை வேறு: “எங்கள் வைக்கோலை இனி யார் தலையில் கட்டுவது?” நான் சிரித்தேன். மனதுக்குள், எங்கள் மழைக்காலத்து இலையை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வியும் ஓடியது.

மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மறுநாள் தொழிற்சாலையில் எனக்குத் தெரியாதவர்கள்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் அன்னியச் செலாவணி வறண்டு தங்கத்தை அடகு வைத்துக்கொண்டிருந்த நேரம். ஜூலை தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையில் குறைத்தார்கள். விற்கிற நாடும் வாங்குகிற நாடும் ஒரே வருஷத்தில் தள்ளாடியதில், எங்கள் கணக்குப் புத்தகம் மட்டும் விசித்திரமாக நிமிர்ந்து நின்றது. சூத்திரப்படி ஒரு ரூபிளுக்கு இருபது ரூபாய்க்கு மேல். தெருவில், அந்த ஆண்டுக் கடைசியில், ஒரு டாலருக்கு நூறு ரூபிளுக்கு மேல் கொடுத்தார்கள். அதாவது ரூபிள் நாலணா பெறாது. இந்த இரண்டு விலைகளுக்கு நடுவில் புகுந்து பணக்காரர் ஆனவர்களை எனக்குத் தெரியும். ரூபாய்க் கணக்கில் சோவியத்துக்கென்று கப்பலேறிய சரக்கு வழியில் மேற்கு ஐரோப்பாவில் இறங்கி டாலராகிவிடும். அவர்களுக்குத் தேயிலையின் ருசியும் தெரியாது, தோலின் ரகமும் தெரியாது.

ஆகஸ்ட் 19 திங்கட்கிழமை. காலையில் தொலைக்காட்சியில் ‘அன்னப்பறவை ஏரி’ பாலே ஓடியது. சோவியத் அதிபர் கோர்பச்சேவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். மறுநாள் கையெழுத்தாக இருந்த புதிய யூனியன் ஒப்பந்தத்தைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்பது மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெருவில் டாங்கிகள். ஆட்சியைப் பிடிக்க முயன்ற சதிக் குழுவில் ஜனவரியில் நோட்டைச் செல்லாததாக்கிய பாவ்லோவும் ஒருவர் என்று கேட்டதும், கிண்ணம் கழுவும் அம்மா சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. தொழிற்சாலை வழக்கம்போல ஓடியது. இரவு மழையில் பேக்கிங் பிரிவுப் பெண்கள் சிலர் ஃபிளாஸ்க்குகளோடு ‘வெள்ளை மாளிகை’ என்ற ரஷ்ய நாடாளுமன்றக் கட்டடத்தின் பக்கம் போனார்கள். நான் போகவில்லை, வெளிநாட்டுக்காரன், விசா வைத்துப் பிழைப்பவன். கொச்சிக்கு டெலக்ஸ் அடித்தேன்: கப்பலை நிறுத்தாதீர்கள், ஆனால் அடுத்ததை ஏற்றாதீர்கள். மூன்றாம் நாள் சதி குலைந்தது. மூன்று இளைஞர்கள் செத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் வெள்ளை மாளிகைக்கு மிக நீளமான மூவர்ணக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனவர்களில் சரக்குச் சந்தைத் தரகர்கள் உண்டு. பெர்லோவ் கடை இருக்கும் அதே தெருவில், தலைமை அஞ்சலகக் கட்டடத்துக்குள், முந்தின ஆண்டு தொடங்கிய சந்தை அது. செப்டம்பரில் அங்கே போய்ப் பார்த்தேன். தொழில் ஆர்வம்தான். குன்னூரில் ஏலத்துக்கு முன்பே சாம்பிள் வந்துவிடும். நாங்கள் உறிஞ்சிப் பார்த்து, கேட்டலாக்கில் விலை குறித்துக்கொண்டு போவோம். சுத்தியல் விழும்போது எந்த எஸ்டேட், எந்த வாரத்து இலை என்று நாக்குக்குத் தெரியும். இங்கே ஓர் இளைஞர், பொறியியல் படித்தவராம், கையில் ஒரு தாளோடு நின்றார். “தேயிலை, இந்தியா, இரண்டு வேகன்.” எந்த கிரேடு என்று கேட்டேன். கறுப்பு என்றார். சாம்பிள்? வேகன் எங்கே நிற்கிறதென்று தாளில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள் என்றார். நான் அங்கே நின்ற நேரத்துக்குள் அந்தத் தாள் கை மாறியது, விலையும் ஏறியது. அந்த இரண்டு வேகன் உலகத்தில் எங்காவது இருந்ததா என்ற சந்தேகம் எனக்கு இன்னமும் உண்டு.

இலையுதிர் காலத்தில் படி ஏறுவது கஷ்டமாகிவிட்டது. கொள்முதல் அமைப்பில் நான் பார்க்க வேண்டிய அதிகாரியின் அறையில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் இருப்பார், அல்லது யாரும் இருக்க மாட்டார்கள். மேலே இருந்த அமைச்சகம் யூனியனுடையதா, ரஷ்யாவுடையதா என்பதில் அவர்களுக்கே தெளிவில்லை. நவம்பர் நடுவில் ரஷ்ய அதிபர் யெல்த்சின், வெளிநாட்டு வாணிபத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆணை பிறப்பித்தார். அதுவரை அந்த நாற்காலிக்குத்தான் வாங்கும் அதிகாரம். மறுநாள் முதல் நாற்காலிக்கு அர்த்தமில்லை. எல்.சி. என்னும் கடன் உறுதிக் கடிதத்தைத் திறக்க வேண்டிய வங்கியிலிருந்து பதில் வருவது நின்றது. அனுப்பிய சரக்குக்குப் பணம் வரவேண்டிய இன்வாய்ஸ்கள் என் மேசையில் தங்கிவிட்டன.

ஆகஸ்டில் நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்ன கப்பல், உக்ரைனின் கருங்கடல் துறைமுகம் ஒன்றில் சரக்கை இறக்கியிருந்தது. அங்கிருந்து அது அசையவில்லை. முதலில் வேகன் இல்லை என்றார்கள். பிறகு, ஒரு பங்கை உள்ளூர்த் தேவைக்கு விட்டுவிட்டு மீதியை எடுத்துப்போ என்றார்கள். டிசம்பர் 1 வாக்கெடுப்பில் உக்ரைன் மக்கள் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சுதந்திரத்துக்கு வாக்களித்த பிறகு, ஆவணத்தில் சேரிடம் ‘சோவியத் யூனியன்’ என்றுதானே இருக்கிறது, இதுவும் அதில்தானே இருந்தது என்று ஒருவர் தொலைபேசியில் வாதாடினார். சட்டப்படி அவரை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. பதிவேட்டுப் பெண்தான் அவர்களோடு உக்ரைன் மொழியில் பேசிப் பார்த்தார். அவரிடம் குழைந்து பேசினார்கள், சரக்கை விடவில்லை. கடல் ஈரத்தில் பிளைவுட் பெட்டிக்குள் தேயிலை என்னவாகும் என்று எனக்குத் தெரியும். பூஞ்சை வாசம் ஏறிய பிறகு எந்தக் கலவையிலும் அதை ஒளிக்க முடியாது.

டிசம்பர் 8-இல் பெலாரூஸ் காட்டுக்குள் மூன்று தலைவர்கள் கூடி யூனியன் முடிந்தது என்று கையெழுத்திட்டார்கள். 21-இல் அல்மா-ஆதாவில் மற்றக் குடியரசுகள் பல சேர்ந்துகொண்டன. ஜார்ஜியா அதில் சேரவில்லை; 22-ஆம் தேதி ட்பிலிசி நடுத்தெருவில் ஜார்ஜியர்களே ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். சுவைஞர் அந்த வாரம் முழுக்கத் தொலைபேசியில் இருந்தார். 25-ஆம் தேதி கோர்பச்சேவ் பதவி விலகிக் கொடி இறங்கியதைத் தொழிற்சாலைக் காவலாளியின் அறையில் பார்த்தோம். ஜனவரி 2 முதல் விலைகளை அவிழ்த்துவிடப்போகிறார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே ஊரில் பரவியிருந்தது. கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேசியது மாவு எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றித்தான்.

1992-இல் தேயிலைக்கான பெரிய அரசு ஆர்டர் என்ற ஒன்று இல்லை. தென்னிந்தியாவில் ஆர்த்தடாக்ஸ் செய்துவந்த தொழிற்சாலைகள் தடுமாறின, சில சி.டி.சி.க்கு மாறின. எங்கள் கம்பெனி என்னைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆனாலும் வியாபாரம் அறுந்துபோகவில்லை. அதற்குக் காரணம் எங்கள் இலையின் மகிமை இல்லை, பழைய கடன். ஆயுதத்துக்கு நாம் பாக்கி வைத்திருந்த தொகை பெரியது. 1993 ஜனவரியில் யெல்த்சின் தில்லிக்கு வந்தபோது கணக்கை முடித்தார்கள்: 63 சதவீதத்தைப் 12 ஆண்டுகளில் வட்டியோடு, மீதியை 45 ஆண்டுகளில் வட்டியில்லாமல் திருப்பித் தருவது. ரூபாயாகத் தருவோம், அவர்கள் அதை வைத்து இந்தியச் சரக்குதான் வாங்க வேண்டும். இல்லாமல் போன ஒரு யூனியனுக்குப் பட்ட கடன், நீலகிரியில் பல தொழிற்சாலைகளின் அடுப்பை எரிய வைத்தது. வாங்க வந்தவர்கள் தனியார். முதல் சில ஆண்டுகள் அவர்களும் விலையைத்தான் கேட்டார்கள், சாம்பிளைக் கேட்கவில்லை.

எங்கள் சுவைஞர் மாஸ்கோவிலேயே தங்கிவிட்டார். ஒரு தனியார் பேக்கிங் கம்பெனியில் கலவை செய்கிறவர் அவர்தான் என்று தெரிந்தபோது, எங்கள் லாட்டுகளை அவரிடம் தள்ளிவிடலாம் என்ற ஆசையில் பேசினேன். இலங்கை வாங்குகிறேன், கென்யா வாங்குகிறேன், உன் பனிக்கால இலை இருந்தால் அனுப்பு, மழைக்கால இலை வேண்டாம் என்றார். ஜார்ஜிய இலை என்று இழுத்தேன். தோட்டங்களில் செடிக்கு மேல் காடு ஏறிவிட்டது, பறிக்க ஆளில்லை என்றார். கொஞ்சம் நின்று, இருந்தாலும் வாங்க மாட்டேன் என்றார். அவர் கேட்ட விலைக்கு எங்கள் பனிக்கால இலை கட்டுப்படியாகவில்லை. அது வழக்கம்போல ஜெர்மனிக்குப் போனது.